கவனம் விலகிய நேரம்: பேரையூர்ப் பக்கம் நான்கு காலைகள்

சென்ற ஆண்டு ஜூன் மாத அறிக்கையில் மதுரை நிலையத்துக்கு நேராக ஒரே ஒரு வரி இருந்தது. "ஒலிப்பதிவில் குழந்தை அழும் சத்தம், கவனம் விலகிய நேரம் நான்கு மணி நேரத்தில் ஐம்பத்து மூன்று நிமிடம், எண்ணிக்கை சேர்க்கப்படவில்லை." ஆங்கிலத்தில் மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். அந்த மரியாதைதான் எனக்கு அதிகம் எரிந்தது.

அந்த வரிக்காகத்தான் இந்த ஆண்டு, ஒரு வயது நான்கு மாதக் குழந்தையையும், மூன்று அலுமினியக் குறுக்குக் கம்பிகள் வைத்த ஆன்டனாவையும் தூக்கிக்கொண்டு கோரிப்பாளையத்திலிருந்து பேரையூருக்குப் போனேன்.

மதுரை நிலையம் என்றால் ஏதோ கட்டடம் என்று நினைக்க வேண்டாம். நான்தான் மதுரை நிலையம். நாடு முழுக்கப் பதினான்கு பேர் கொண்ட குழு எங்களுடையது. சிலர் வேலையில் இருப்பவர்கள், சிலர் ஓய்வு பெற்றவர்கள். பெண் நான் ஒருத்திதான். ரேடியோவில் எரிகல்லைக் கேட்பது எங்கள் பொழுதுபோக்கு. எரிகல்லைப் பார்க்கத்தானே முடியும், எப்படிக் கேட்பது என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் நான் பொறுமையாகச் சொல்லியிருக்கிறேன். நாக்பூர்ப் பக்கம் ஒரு எஃப்.எம். நிலையம் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறது. பூமியின் வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் அது இங்கே கேட்காது. அந்த அலைவரிசையில் வைத்தால் வெறும் இரைச்சல்தான். மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் மணல் பருக்கை அளவு கல் ஒன்று எரிந்துபோனால், அதன் தடம் ஒரு நொடி கண்ணாடி மாதிரி நின்று அந்த நிலையத்தின் ஒலியை நம் பக்கம் திருப்பிவிடும். இரைச்சலுக்கு நடுவே திடீரென்று அரை வார்த்தை, இல்லையென்றால் ஒரு சிரிப்பு, ஒரு தபேலா அடி. உடனே மறுபடியும் இரைச்சல். அந்த அரை வார்த்தைதான் ஒரு எரிகல். நோட்டில் ஒரு கோடு போட வேண்டும்.

ஜூன் முதல் வாரத்தில் வரும் எரிகல் மழை இன்னும் விசித்திரமானது. மேஷ ராசிப் பக்கமிருந்து, சூரியனை ஒட்டியே வருவதால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பட்டப்பகலில் நம் தலைக்கு மேல் பெய்துகொண்டிருக்கும். ரேடியோவை வைத்துக் கேட்டால்தான் உண்டு. நாங்கள் காலை ஆறு முதல் பத்து வரை எண்ணுவோம். ஒவ்வொரு மணியிலும் பத்து நிமிடம் மாதிரிக்காக ஒலிப்பதிவு செய்து அனுப்ப வேண்டும். படிவத்தில் "கவனம் விலகிய நேரம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. எழுந்துபோன நிமிடம், யாரிடமாவது பேசிய நிமிடம் எல்லாவற்றையும் அதில் எழுதி, மொத்த நேரத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் மணிக்கு இத்தனை என்று கணக்குப் போட வேண்டும். இது குழுவின் விதி. நான் வைத்ததல்ல.

சென்ற ஆண்டு பாப்பாவுக்கு நான்கு மாதம். பால் கொடுத்த நிமிடங்களைக் கடிகாரம் பார்த்து எழுதினேன். பால் கொடுக்கும்போது காது சும்மாதான் இருந்தது; ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டதால் கழித்தேன். ஹெட்போன் போட்டால் குழந்தை அழுவது கேட்காது என்று ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டேன். அதனால்தான் அழுகை பதிவானது. விதிப்படி செய்ததற்குக் கிடைத்த பலன் அந்த வரி.

இந்த ஆண்டு மே மாதக் கடைசியில் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் வடக்கே ஒரு பெரிய நகரத்தில் இருக்கிறார், நேரில் பார்த்ததில்லை. மதுரை நிலையம் நான்கு காலைகளுக்கு ஒழுங்கான படிவம் தராவிட்டால் தென்கோடி நிலையத்தை வேறொருவருக்கு மாற்ற உத்தேசம் என்று எழுதியிருந்தார். கல்யாணத்துக்கு முன்பே, பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும்போது நாகமலை புதுக்கோட்டை விடுதி மாடியில் நான் ஆரம்பித்த நிலையம் அது. அவருக்கு உத்தேசமாம்.

கோரிப்பாளையத்தில் எண்ண வழியில்லை. எங்கள் வீட்டுக்குக் கீழே நான்கு கடைகள். நான்கிலும் ரேடியோவில் கரகரவென்று விழும் விளக்குப் பலகை. இன்வெர்ட்டர், செல்போன் பழுதுபார்க்கும் கடை, சந்திப்பில் எந்நேரமும் ஹாரன். ரேடியோவில் உள்ளூர் நிலையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். வெட்டவெளிக்குப் போயாக வேண்டும். பேரையூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் என் கணவரின் அக்கா செல்வி மதினி வீடு இருக்கிறது.

"அக்கா வீடுதான, போயிட்டு வா," என்றார் என் கணவர். அவருக்கு லீவு இல்லை. பிறகு யோசித்துவிட்டு, "பாப்பாவ என்ன பண்ணுவ?" என்று கேட்டார். என்னை மட்டும் கேட்டார். அவர் போன மாதம் நண்பர்களோடு மூன்று நாள் கொடைக்கானல் போனபோது இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆன்டனாவைப் பிரித்துச் சாக்கில் சுற்றினாலும் என் உயரம் இருந்தது. பஸ் கண்டக்டர் படியிலேயே மறித்தார்.

"ஏம்மா, என்ன கம்பி இது? யாரையாச்சும் குத்திப்போட்டா யாரு பதில் சொல்றது?"

"ரேடியோ ஆன்டனா அண்ணே. மடக்கிக் கட்டியிருக்கேன். குத்தாது."

"ரேடியோவுக்கா? இம்புட்டு நீளத்துக்கா? எந்த நாட்டு ரேடியோம்மா?"

பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "கேபிள்காரன்கூடச் சண்டையா இருக்கும்ணே. எங்க வீட்டுலயும் அதே பஞ்சாயத்துதான்."

பஸ் முழுக்கச் சிரித்தது. பாப்பாவும் சேர்ந்து சிரித்தாள். லக்கேஜ் டிக்கெட் போட்டு, கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளச் சொன்னார். இதற்குப் பிறகுதான் ஒருவர் பத்தடி பிளாஸ்டிக் குழாய் இரண்டைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். "மாப்ள, ஓரமாச் சாச்சு வை," என்றதோடு சரி. டிக்கெட்டும் இல்லை, எந்த நாட்டுக் குழாய் என்ற கேள்வியும் இல்லை. நான் ஏதாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. திருமங்கலம் வரை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று மனதுக்குள் பேசிக்கொண்டே போனேன்.

திருமங்கலத்தில் யாரோ அரிசி மூட்டையைச் சீட்டுக்கு அடியில் திணித்தார்கள். எடுக்கச் சொன்னேன், அடுத்த ஊரில் இறங்கிவிடுவேன் என்றார். அவருடைய அடுத்த ஊர் கல்லுப்பட்டியாக இருந்தது. அங்கேயே பஸ் பஞ்சரும் ஆனது. எல்லோரும் இறங்கி ஒரு கடை வாசல் நிழலில் நின்றோம். பாப்பாவைச் சமாதானப்படுத்த சீனிச்சேவு வாங்கினேன். அரை மணி நேரத்தில் அவள் கன்னம், என் தோள், ரேடியோப் பை எல்லாம் பாகு. சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். நடுக்கம்பி வில் மாதிரி வளைந்திருந்தது.

மதினி வாசலிலேயே நின்றார். "வா புள்ள. இதென்ன, கொக்குப் பிடிக்கிற கூண்டையும் தூக்கிட்டு வார?" என்று சொல்லிக்கொண்டே குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார். அவர் கணவர் முத்தையா அண்ணன் அதிகம் பேசாதவர். வளைந்த கம்பியை வாங்கி முழங்காலில் வைத்து நிமிர்த்தினார். நான் சொன்ன அளவை டேப்பால் ஒருமுறை அளந்து, திருப்பித் தந்தார். எதற்கு என்று கேட்கவே இல்லை. அன்று முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான். மதியம் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. கோரிப்பாளையத்தில் எத்தனையோ வகை சாப்பிட்டிருக்கிறேன். இப்படி ஒரு குழம்புக்கு முன்னால் கோபத்தைத் தக்கவைப்பது கஷ்டமாக இருந்தது.

முதல் நாள் காலை. வீட்டுக்குப் பின்னால் கரிசல் காடு, விதைப்புக்கு முன் உழுதுபோட்டுக் கிடந்தது. வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த டிராக்டர் டிப்பரில் ஆன்டனாவைக் கட்டி வடக்குப் பார்த்துத் திருப்பினேன். நகரத்தில் ஒருபோதும் கேட்காத சுத்தமான இரைச்சல் வந்தது. எனக்கு அது சங்கீதம். ஆனால் நொடிக்கு ஒரு தரம் டிக், டிக் என்று ஏதோ தட்டிக்கொண்டே இருந்தது.

முதலில் என் மேல்தான் சந்தேகம் வந்தது. எப்போதும் அப்படித்தான். சாலிடர் சரியில்லையோ, கம்பியை நிமிர்த்தியதில் தவறோ என்று எல்லா இணைப்பையும் கழற்றி மாட்டினேன். நாற்பது நிமிடம் போன பிறகு ஆன்டனாவைக் கையில் பிடித்து மெல்லச் சுற்றிப் பார்த்தேன். பக்கத்துக் காட்டுப் பக்கம் திரும்பும்போது டிக் பெரிதானது. சோளத்துக்குக் காட்டுப்பன்றி வராமலிருக்கப் போட்ட, நொடிக்கு ஒரு தரம் மின்னதிர்ச்சி விடும் சோலார் வேலி.

முத்தையா அண்ணன் அந்தக் காட்டுக்காரரைக் கூட்டிவந்தார். அவர் அண்ணனிடம், "மாப்ள, ஊர்லருந்து வந்த புள்ளைக்கு என்னமோ டிக்கு டிக்குன்னு கேக்குதாம்ல?" என்றார். நான் இரண்டடி தூரத்தில் நிற்கிறேன்.

"அந்தப் புள்ள பக்கத்துலதான நிக்குது. அதுகிட்டயே கேளு," என்றார் அண்ணன்.

நான் கேட்டேன்: "பன்னி பகல்ல வராதுல்லண்ணே?"

"வராது தாயி. விடிஞ்சா அணைக்கணும். நான் மறந்துருவேன்."

"ஆறுலருந்து பத்து வரைக்கும் மட்டும் மறக்காம அணைச்சிருங்க. நாலு நாளைக்குத்தான்."

"சரி தாயி," என்றார். அணைக்கவும் செய்தார். ஆனால் அன்றைய கணக்கில் நாற்பத்தெட்டு நிமிடம் போனது போனதுதான். மீதி நேரத்தில் பாப்பா. மதினி அவளை வீட்டில் வைத்துக்கொள்ள எவ்வளவோ பார்த்தார். அரை மணிக்கு ஒருமுறை அவள் அழுது, மதினி தூக்கிவந்து என் மடியில் போட்டுவிட்டுப் போவார். வெயில் ஏறுகிறதா, மண்ணை வாயில் வைக்கிறாளா, அந்தப் புதருக்குள் ஏதாவது இருக்கிறதா என்று என் கண் அலையும். காது மட்டும் நாக்பூரில். ஒரு பெண் குரல் ஏதோ சொல்ல ஆரம்பித்து வெட்டுப்படும். கோடு. யாரோ இந்தியில் "மழை" என்பார். கோடு. எனக்கே நிச்சயமில்லாத நிமிடங்களை எல்லாம் எழுதிக் கழித்தேன். பத்து மணிக்குக் கூட்டிப் பார்த்தால் ஒரு மணி பதினொரு நிமிடம். சென்ற ஆண்டைவிட மோசம்.

இரண்டாம் நாள் எட்டு மணிவாக்கில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஏழெட்டுப் பேர் வரப்பு வழியாக வந்தார்கள். மண்வெட்டி, தட்டு, தூக்குவாளி. முன்னால் வந்த பாண்டியம்மா அக்கா நின்றுவிட்டார்.

"ஏத்தா, ரேடியோ ரிப்பேரா? வெறும் கொர்ருன்னு கேக்குது?"

"ரிப்பேர் இல்லக்கா. நட்சத்திரம் விழுறதைக் கேட்டு எண்ணுறேன்."

"பகல்லயா?" என்றார். பின்னால் இருந்த ஒருத்தி, "செல்வியோட தம்பி பொண்டாட்டி நல்லாப் படிச்ச புள்ளன்னு சொன்னாக," என்று சத்தமாகவே சொன்னாள். சிரிப்பு. சரியாக அந்த நேரம் ரேடியோ ஒரு ஆணின் குரலில் அரை வார்த்தை சொல்லிவிட்டு அடங்கியது. நான் கோடு போட்டேன். சிரிப்பு நின்றது.

"இது ஒண்ணா?"

"ஒண்ணு."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். அடுத்தது வந்தபோது நான் கோடு போடுமுன் பாண்டியம்மா அக்கா "ரெண்டு" என்றார். நான்கு வரை எண்ணினார். அவர்களோடு பேசிய ஆறு நிமிடத்தைக் கட்டத்தில் எழுதினேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போனாலும் எழுதணுமா?"

"எழுதணும்க்கா."

"மொத்தம் எத்தனை பேரு எண்ணுறீக?"

"பதினாலு பேர். மத்தவுக எல்லாம் ஆம்பளைங்க."

"அம்புட்டுப் பேரும் எழுதுறாகளா? நாலு மணி நேரம் டீ குடிக்காம இருக்குற ஆம்பளைய நான் பாத்ததே இல்லையே!"

அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர்களின் எண்ணிக்கையைத்தான் இத்தனை ஆண்டும் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. என்னுடையது அதிகம் என்று சொன்னார்கள். மற்றவர்களுடையது ஏதோ பத்து, பதினைந்து என்று இருக்கும் என நானே நினைத்துக்கொண்டேன்.

செல்போனுக்கு மொட்டைமாடியில்தான் சிக்னல் கிடைக்கும். மத்தியான வெயிலில், கால் சுட, இரண்டு நாள் கணக்கையும் அனுப்பிவிட்டு, குழுவின் பொதுப் பட்டியலைத் திறந்தேன். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். பதின்மூன்று நிலையங்களிலும் பூஜ்யம். சென்ற ஆண்டு அறிக்கையைத் திறந்தேன். அங்கும் நான் ஒருத்தி ஐம்பத்து மூன்று. மீதி எல்லாம் பூஜ்யம். அதற்கு முந்தைய ஆண்டும் அப்படியே.

உடனே கோபப்பட்டேன் என்று சொன்னால் பொய். முதலில் அவர்கள் பக்கமே பேசினேன். ஒருவேளை பழக்கமோ? ஒருவேளை காப்பியைக் கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்களோ? காலிங்பெல் அடித்தால் வேறு யாரோ போய்த் திறக்கிறார்களோ? குழந்தை அழுதால் வேறு யாரோ தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறார்களோ? இந்த "வேறு யாரோ" மூன்றாம் தரம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் அந்தப் பூஜ்யம் அவர்கள் சம்பாதித்ததில்லை. யாரோ ஒரு பெண் தன் காலை நேரத்தை எடுத்து அதில் போட்டிருக்கிறாள். அவளுடைய நிமிடங்களுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. அப்படி ஒருத்தி இல்லாத வீட்டில், அது வெறும் பொய். பதின்மூன்று படித்த மனிதர்கள் ஆண்டுதோறும் எழுதும் பொய். உண்மையை எழுதியவளின் எண்ணிக்கை மட்டும் நம்பத்தக்கதல்ல!

இறங்கி வந்து மதினியிடம் கொட்டினேன். நுங்கு நோண்டிப் பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். "நீயும் பூஜ்யம்னு போட்டுட்டுப் போ. எதுக்கு இந்தப் பாடு?" என்றார். இரவு போனில் என் கணவரும் அதையே சொன்னார். "யாரு வந்து பாக்கப் போறா?"

மூன்றாம் நாள் வானமே என்னை ஏமாற்றியது. ஏழேகால் மணிக்கு இரைச்சல் மெல்ல விலகி, நாக்பூர் நிலையம் பக்கத்துத் தெருவில் இருப்பது போலத் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது. கோடைக் காலைகளில் வான்மண்டலத்தின் ஒரு அடுக்கு திடீரென்று கெட்டியாகி இப்படிச் செய்யும். எரிகல்லே தேவையில்லாமல் ஒலி வந்து விழும். எரிகல்லை எண்ண முடியாது. ஒரு அம்மாள் நேயரிடம் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். "உங்கள் மாமியாருக்கு இந்தப் பாட்டுப் பிடிக்குமா?" "அவருக்கு எந்தப் பாட்டும் பிடிக்காது அக்கா, எனக்காகப் போடுங்கள்." பாட்டு வந்தது. பாப்பா டிப்பரைப் பிடித்துக்கொண்டு ஆடினாள்.

மதினிக்கு ஆச்சரியம். "இன்னைக்குத்தான் ரேடியோ நல்லாக் கேக்குது. நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"நல்லாக் கேட்டா எண்ண முடியாது மதினி."

"நல்லாருக்கே கதை!"

முப்பத்தெட்டு நிமிடம் அப்படியே போனது. எழுதினேன். மத்தியானம் மாடியில் ஏறினால் ஒருங்கிணைப்பாளரின் செய்தி காத்திருந்தது. "மதுரை நிலையம்: முதல் இரண்டு நாட்களில் விலகிய நேரம் ஏற்க இயலாத அளவு. மறுபரிசீலனை செய்து அனுப்பவும்." மறுபரிசீலனை! நேரடியாகப் பொய் எழுது என்று சொல்ல அவருக்கு மரியாதை இடம் கொடுக்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்று நான் புதிய படிவம் ஒன்றைத் திறந்து, மூன்று நாளுக்கும் பூஜ்யம் என்று நிரப்பினேன். அனுப்பு என்ற பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. எட்டு ஆண்டு நிலையம். ஒரு தட்டு தட்டினால் பிழைத்துவிடும். பிறகு பழக்கதோஷத்தில் கணக்கைச் சரிபார்த்தேன். நான்கு மணி நேரமும் கேட்டேன் என்று எழுதினால், மணிக்கு விழுந்த கற்களின் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைந்துவிடுகிறது. நான் எழுந்துபோன நேரத்தில் விழுந்த கற்கள் விழவே இல்லை என்று ஆகிறது. நான் போனதற்கு வானத்தின் மேல் பழி. எனக்கு அது பொறுக்கவில்லை. படிவத்தை அழித்தேன்.

நான்காம் நாள் உச்சம். ஐந்தரைக்கே போய்விட்டேன். வேலிக்காரர் தூரத்திலிருந்து "அணைச்சாச்சு தாயி!" என்று கத்தினார். ஆறு மணிக்கே மளமளவென்று வந்தது. கோடுகள் ஒரு பக்கத்தை நிரப்பி அடுத்த பக்கம் போயின. ஏழு மணிக்குப் பாப்பா வந்தாள். அழவில்லை, தோளில் சாய்ந்தாள். உடம்பு லேசாகச் சுடுவது போலிருந்தது. காய்ச்சலா, வெயிலா? எண்ணுவதை நிறுத்திவிட்டு மதினியைக் கூப்பிட்டேன். அவர் கழுத்தில் கைவைத்துப் பார்த்து, "ஒண்ணும் இல்ல. தூக்கத்துக்கு வார சூடு. புள்ளயப் பெத்தவளுக்கு இது தெரியலையா?" என்றார். தெரியவில்லைதான். ஏழு நிமிடம். எழுதினேன்.

அதன்பின் அவள் என் மேலேயே தூங்கினாள். இடது கை மரத்துப்போனது. அசைந்தால் எழுந்துவிடுவாள், வலது கை மட்டும் கோடு போட்டது. காற்று வேப்பமரத்தில் புகுந்து வந்தது. வெளிச்சம் கூசும் அந்தக் காலையில், ஒன்றுமே தெரியாத நீலத்திலிருந்து அரை வார்த்தைகள் விழுந்துகொண்டே இருந்தன. "அம்மா", "நாளை", ஒரு இருமல், ஒரு மணி ஓசை. நான்கு நாளில் அந்த இரண்டரை மணி நேரம் மட்டும் எனக்கு யார் மேலும் கோபம் இல்லை.

பத்தரைக்கு மாடிக்குப் போய்விட்டேன். படிவத்தில் நான்கு காலைக்கும் விலகிய நேரத்தை நிமிடம் நிமிடமாக, காரணத்தோடு எழுதினேன். வேலி, நாக்பூர்ப் பாட்டு, குழந்தை, பாண்டியம்மா, கழிவறை, சந்தேகம். சந்தேகம் என்றே எழுதினேன், பதினோரு நிமிடம். அதன் கீழே பதின்மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு கேள்வி. ஆறு தரம் எழுதி அழித்தேன். முதல் வடிவம் ஒரு பக்கம் இருந்தது. கடைசியில் நின்றது இதுதான்: "ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை, நான்கு நாளும், உங்களில் ஒருவர்கூடக் கழிவறைக்குப் போகவில்லையா?"

அனுப்பிய கையோடு வருத்தமும் வந்தது. இவ்வளவு வெளிப்படையாகக் கேட்டிருக்க வேண்டாமோ? கோரிப்பாளையம் திரும்பும் பஸ் முழுக்க அந்த வாக்கியத்தையே திருத்திக்கொண்டு வந்தேன். இந்தக் கண்டக்டர் ஆன்டனாவை ஒன்றும் சொல்லவில்லை. அதுகூட எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் யாரிடமிருந்தும் பதில் இல்லை. பிறகு ஒருங்கிணைப்பாளர்: "குழுவின் கண்ணியத்துக்கு ஏற்ற கேள்வி அல்ல." நான்கு மணி நேரப் பொய் கண்ணியம், கழிவறை கண்ணியக் குறைவு. பதிலுக்கு நான் படிவத்தின் விதியை மட்டும் அப்படியே வெட்டி ஒட்டி அனுப்பினேன்.

மறுநாள் போபாலில் ஓய்வு பெற்ற ஒரு பொறியாளரிடமிருந்து, கடிதம் ஏதுமில்லாமல், திருத்திய படிவம் ஒன்று பொதுப் பட்டியலில் வந்து உட்கார்ந்தது. "கவனம் விலகிய நேரம், இரண்டாம் நாள்: தேநீர் 12. கழிவறை 9. பால்காரர் 6. தூங்கிவிட்டேன் 31." அதற்குப் பிறகு வார இறுதிக்குள் இன்னும் ஐந்து பேர் பூஜ்யத்தை எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை ஒருங்கிணைப்பாளர் ஒரு வரி எழுதினார்: "மதுரை நிலையத்தின் எண்ணிக்கை சேர்க்கப்படுகிறது, நிலையம் தொடரும்." சென்ற ஆண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்போது தள்ளிய எண்ணிக்கையையும் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பதில் வரும் வரை வாரம் ஒருமுறை எழுதுவேன்.

மதினிக்குப் போன் செய்து நிலையம் தப்பித்ததைச் சொன்னேன். போபால்காரரின் கணக்கை வரிவரியாகப் படித்தேன். பாராட்டத்தான் படித்தேன்; பதின்மூன்று பேரில் முதலில் உண்மை எழுதியவர் அவர்தானே.

மதினி முழுவதையும் கேட்டுவிட்டு, கடைசி வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்.

"ஏ புள்ள, தூங்குனவருக்கு முப்பத்தொரு நிமிசம்னு எப்படித் தெரிஞ்சுச்சு?"

எனக்கு அது தோன்றவே இல்லை. "தெரியலையே மதினி," என்றேன்.

"எழுப்பிவிட்டவ சொல்லியிருப்பா. வேற யாரு?"